மார்க்ஸ்பர்க், ரைன்ஃபெல்ஸ், எல்ட்ஸ்: ஒரு நாள்தான் கையில் இருந்தால் எந்தக் கோட்டை?

ஜெர்மனியில் ரைன் ஆறு பிங்கன் என்ற ஊரைத் தாண்டியதும் இரு பக்கமும் மலைகள் நெருங்கி வந்துவிடுகின்றன. அங்கிருந்து கோப்ளென்ஸ் வரை 65 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 40 கோட்டைகள், சரிவெல்லாம் திராட்சைத் தோட்டங்கள். 2002-ல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோப்ளென்ஸில் ரைனோடு கலக்கும் மோசல் ஆற்றின் கரையிலும் கோட்டைகளுக்குப் பஞ்சமில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கோ கொலோனுக்கோ வேலையாக வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு சனிக்கிழமைதான் மிஞ்சும். அதில் எதைப் பார்ப்பது?

முதலில் விடவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். படகிலிருந்து பார்க்கும்போது வாயைப் பிளக்க வைக்கும் கோட்டைகளில் பல, 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி எழுப்பியவை. ஸ்டோல்சன்ஃபெல்ஸைப் பிரெஞ்சுப் படை 1689-ல் அழித்தது. ஒன்றரை நூற்றாண்டு இடிந்து கிடந்ததைப் பிரஷ்ய மன்னர் குடும்பம் எடுத்து 1842-ல் கோடை மாளிகையாக்கியது. மோசல் கரையில் இருக்கும் கோகெம் கோட்டைக்கும் அதே 1689-ல் அதே கதி. அதை 1868-ல் வாங்கிப் புதுப்பித்தவர் பெர்லினைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர். ரைன்ஸ்டைனும் இந்த ரகம்தான். அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் இடைக்காலம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று 19-ஆம் நூற்றாண்டுப் பணக்காரர்கள் ஆசைப்பட்டதைத்தான் உள்ளே பார்ப்பீர்கள். படகிலிருந்து பார்த்தாலே போதும்.

மிச்சத்தில் உண்மையான போட்டி மூன்றுக்குள். யாரும் தகர்க்காத மார்க்ஸ்பர்க், வெடிவைத்துத் தகர்த்த ரைன்ஃபெல்ஸ், இன்னமும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் எல்ட்ஸ்.

மார்க்ஸ்பர்க் பிரவுபாக் என்ற சிற்றூருக்கு மேலே, ரைனின் வலது கரையில் இருக்கிறது. கோப்ளென்ஸிலிருந்து ரயிலில் கால் மணி நேரம், அப்புறம் மூச்சு வாங்க ஒரு ஏற்றம். இந்தப் பள்ளத்தாக்கில் ஒருபோதும் அழிக்கப்படாத மலைக்கோட்டை இது ஒன்றே. போர்க் காலம் முடிந்தபின் இதைச் சிறையாகவும் ஊனமுற்ற படைவீரர்களின் இல்லமாகவும் வைத்திருந்தார்கள். ஆள் குடியிருந்த இடம் என்பதால் கூரை விழாமல் தப்பியது. 1900-ல் ஜெர்மன் கோட்டைகள் சங்கம் இதை வாங்கியது. சங்கத்தின் தலைமையகம் இன்றும் இங்கேதான். 1945 மார்ச்சில் அமெரிக்கப் பீரங்கிக் குண்டுகள் விழுந்து சேதமானதைப் பிறகு சரிசெய்தார்கள்.

வாசலைத் தாண்டியதும் பாறையிலேயே வெட்டிய படிகள் வரும். ஒன்று அகலம், அடுத்தது சரிவு, அதற்கடுத்தது பாதிதான் படி. குதிரைகள் ஏறுவதற்காக வெட்டியவை; மனிதக் கால்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வெறும் தரை மாதிரி நினைத்து ஏறினால் தடுமாறுவீர்கள். உள்ளே ஆளுயர அடுப்போடு ஒரு சமையலறை, ரைனைக் குறிபார்த்து வரிசையாகப் பீரங்கிகள், மூலிகைத் தோட்டம், கவச அறை. எல்லாரும் படமெடுப்பது கூடத்தின் ஓரத்தில் சுவரைத் தாண்டி வெளியே துருத்தி நிற்கும் கழிப்பறையைத்தான். அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கூடத்துப் பக்கம். கீழிருந்து அந்தத் துவாரம் வழியாக எதிரி ஏறி வந்துவிடக் கூடாதே என்ற கவலையாம். கோட்டை வாழ்க்கை எவ்வளவு குளிரும் புகையும் பயமுமாக இருந்தது என்பது இந்த ஒரு கதவிலேயே புரிந்துவிடும்.

குறை என்னவென்றால், தனியாக உள்ளே சுற்ற விடமாட்டார்கள். வழிகாட்டியோடு 50 நிமிடம், அதுவும் பெரும்பாலும் ஜெர்மனில். நின்று நிதானமாகப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சற்று எரிச்சல்தான்.

ரைன்ஃபெல்ஸில் இதற்கு நேரெதிர். சீட்டு வாங்கிவிட்டால் அப்புறம் உங்கள் பாடு. சாங்க்ட் கோவார் ஊருக்கு மேலே 1245-ல் காட்சனெல்ன்போகன் வம்சத்துப் பிரபு ஐந்தாம் டீட்டர் இதைக் கட்டத் தொடங்கினார். நோக்கம் ஒன்றே ஒன்று: சுங்கம். இந்த ஆற்றில் இத்தனை கோட்டைகள் முளைத்ததற்கே பெரிய காரணம் கப்பல்களிடம் வரி பிடுங்குவதுதான். கொஞ்சம் மேலே கவுப் ஊருக்கு எதிரில், ஆற்றின் நடுவிலேயே ஒரு தீவில் ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன் நிற்கிறது; அதுவும் 1327 வாக்கில் எழுந்த சுங்கக் கோட்டை. டீட்டர் வரியை ஏற்றினார். பொறுத்துப் பார்த்த ரைன் நகரங்கள் கூட்டணி சேர்ந்து 1255-ல் ரைன்ஃபெல்ஸை முற்றுகையிட்டன. ஓராண்டுக்கு மேல் கிடந்தும் ஒன்றும் நடக்கவில்லை, திரும்பிப் போனார்கள். 1692 டிசம்பரில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை வந்தது, ஏறத்தாழ 28,000 பேர். ரைன் கரைக் கோட்டைகளை அதே போரில், 1689-ல், வரிசையாகச் சாய்த்த படை அது. அதனாலும் இதைப் பிடிக்க முடியவில்லை.

இத்தனையும் தாங்கிய கோட்டை 1794-ல் பிரெஞ்சுப் புரட்சிப் படையிடம் ஒரு குண்டுகூடச் சுடாமல் சரணடைந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பிறகு இது கல் எடுக்கும் இடமாகிவிட்டது. கோப்ளென்ஸின் எஹ்ரன்பிரைட்ஸ்டைன் கோட்டைக்குப் போன கற்களில் இங்கிருந்து போனவையும் உண்டு. இப்போது இருப்பது பழைய கோட்டையின் ஒரு துண்டுதான். அந்தத் துண்டே ரைன் கரையின் மிகப் பெரிய இடிபாடு.

அருங்காட்சியகத்தில் முழுக் கோட்டையின் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை முதலில் பார்த்துவிட்டு வெளியே வந்தால், பாதிச் சுவரும் வெறும் சன்னல் ஓட்டையுமாக நிற்பவை எவை என்று மனம் தானாகவே நிரப்பிக்கொள்ளும். 24 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலத்தில் நடுவே தூண் இல்லாமல் வளைந்து நிற்கும் நிலவறையைத் தவறவிடாதீர்கள். அப்புறம் சுரங்கங்கள். மதிலுக்கு அடியில் எதிரி குடைந்து வந்தால், அவனுக்குக் கீழே வெடிவைப்பதற்காகத் தோண்டியவை. குனிந்து, சில இடங்களில் கிட்டத்தட்ட தவழ்ந்துதான் போக வேண்டும், கும்மிருட்டு. கைபேசி வெளிச்சம் போதாது, டார்ச் கொண்டுபோங்கள். மூடிய இடம் என்றால் பயப்படுகிறவர்கள் மணிக்கூண்டுக் கோபுரத்தில் ஏறலாம். எதிர்க்கரையில் காட்ஸ் கோட்டை நிற்பது தெரியும். அதுவும் இதே வம்சம் கட்டியது. இரு கரையிலும் ஆள் வைத்துவிட்டால் எந்தக் கப்பல் தப்பிக்கும்!

ஒரு எச்சரிக்கை. 2029-ல் ஜெர்மனியின் தேசியத் தோட்டக் கண்காட்சி இந்தப் பள்ளத்தாக்கில் நடக்கவிருக்கிறது, அதற்கான வேலைகள் பல இடங்களில். ரைன்ஃபெல்ஸில் எந்தப் பகுதி திறந்திருக்கிறது, குறிப்பாகச் சுரங்கம் உண்டா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எல்ட்ஸைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் பணமான மார்க்கின் பழைய 500 நோட்டில் இருந்தது இதுதான். மோசலில் கலக்கும் எல்ஸ்பாக் ஓடை மூன்று பக்கமும் சுற்றிவர, காட்டுக்கு நடுவே ஒரு பாறைமேல் நிற்கிறது. 33 தலைமுறையாக, 850 ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்பத்துச் சொத்து. அந்தக் குடும்பம் மூன்று கிளையாகப் பிரிந்தபோது, பங்காளிகள் ஒரே மதிலுக்குள் ஆளுக்கொரு வீடாகக் கட்டிக்கொண்டார்கள். ஒரு முற்றத்தைச் சுற்றி வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேலே மேலே போவது அதனால்தான். பொதுக்கூடத்தில் கோமாளி முகங்களும், கதவுக்கு மேலே ஒரு ரோஜாவும் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே எதையும் வாய்விட்டுப் பேசலாம், வெளியே போனால் மூச்சுவிடக் கூடாது என்று பொருள். பங்காளிகள் கூடிப் பேசும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் வேறென்ன?

1689 அழிவில் இது தப்பியது வீரத்தால் இல்லை, செல்வாக்கால். குடும்பத்தில் ஒருவர் பிரெஞ்சுப் படையில் உயர் அதிகாரியாக இருந்தார்.

உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை, 40 நிமிட வழிகாட்டிச் சுற்று, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். கோடை வார இறுதியில் வரிசை நீளும். எல்ட்ஸின் பாதி அழகு வழியில் இருப்பதால் வாகன நிறுத்தத்திலிருந்து போகாமல், மோசல்கெர்ன் ரயில் நிலையத்திலிருந்து ஓடையோரமாகவே நடங்கள். ஐந்து கிலோமீட்டர் போல வரும். கடைசித் திருப்பத்தில் மரங்களுக்கு மேலே கோபுரங்கள் திடீரென்று எழும்.

என் ஓட்டு ரைன்ஃபெல்ஸுக்கு. அழகுப் போட்டி என்றால் எல்ட்ஸ்தான் ஜெயிக்கும், ஆனால் அங்கே விருந்தாளியாக நடந்துவிட்டு வருகிறோம். ரைன்ஃபெல்ஸில் நாமே துழாவிக் கண்டுபிடிக்கிறோம். பத்து வயதுப் பிள்ளைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மழை பெய்தாலோ குளிர்காலமாக இருந்தாலோ மார்க்ஸ்பர்க். கிறிஸ்துமஸ் சமயம் தவிர ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் அந்தப் பாறைப் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு, நிறுத்தத்திலிருந்து சிற்றுந்து ஓடும் நாளாகப் பார்த்து எல்ட்ஸ் தேவலை.

காலையில் சீக்கிரம் கிளம்பினால் ரைன் கோட்டைகள் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். மார்க்ஸ்பர்க்கை முதலில் பார்த்துவிட்டு, அதே கரையில் ரயிலேறி சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசனில் இறங்கி, அங்கிருந்து படகில் சாங்க்ட் கோவாருக்குக் கடந்துவிடுங்கள். கோப்ளென்ஸுக்கும் மைன்ஸுக்கும் நடுவே ரைனில் பாலமே கிடையாது என்பதால் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. எல்ட்ஸை இதோடு சேர்க்காதீர்கள், அதற்குத் தனி நாள் வேண்டும்.

தங்குவதாக இருந்தால் கோப்ளென்ஸ் நகருக்குள்ளேயே தங்கிவிடுங்கள். பள்ளத்தாக்கில் ஆற்றின் இரு கரையிலும் ரயில் பாதை, இரவெல்லாம் சரக்கு ரயில் ஓடும். ஆறு தெரியும் அறை என்று கூடுதலாகக் காசு கொடுத்துவிட்டு, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுக்க வேண்டியிருக்கும்.