ஓசூர், கிருஷ்ணகிரிக்கு ஏற்ற குப்பை எரியுலை எது? நகரும் கிரேட், மணல் படுகை, சுழல் சூளை: ஓர் ஒப்பீடு

குப்பையை எரித்து நீராவி எடுக்கும் திட்டம் என்றதும் எத்தனை மெகாவாட் கிடைக்கும் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைப் பொறுத்தவரை ஆய்வை மறுமுனையில், அதாவது சாம்பல் வெளிவரும் வாயில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்ட பகுதி இது. இங்கே பாறை வெடிப்புகளின் வழியாகத்தான் நீர் ஊர்ந்து கிணறுகளையும் ஆழ்துளைக் குழாய்களையும் அடைகிறது. ஈயமும் காட்மியமும் கரையும் உப்புகளும் கலந்த சாம்பலைத் திறந்தவெளியில் கொட்டினால் அவை எந்தக் கிணற்றில் போய்ச் சேரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

உலையைத் தேர்வதற்கு முன் குப்பையின் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 100 கிலோ கலப்புக் குப்பையில் 50 கிலோ ஈரம், 20 கிலோ மண்ணும் கல்லும், 30 கிலோ எரியும் பொருள் என்று கொள்வோம். எரியும் பொருள் கிலோவுக்கு 4,500 கிலோகலோரி தந்தாலும், ஈரத்தை ஆவியாக்கவே ஏறத்தாழ 30,000 கிலோகலோரி போய்விடுவதால், கிலோவுக்கு மிஞ்சுவது 1,050 மட்டுமே. துணை எரிபொருள் இன்றி நின்று எரிய ஆண்டுச் சராசரியாக ஏறத்தாழ 1,670 வேண்டும். டெல்லி திமார்பூரில் 1987-இல் டேனிஷ் தொழில்நுட்பத்தில் நாளொன்றுக்கு 300 டன் எரிக்க நிறுவப்பட்ட ஆலை சில வாரங்களிலேயே நின்றுபோனதற்குக் குப்பையின் குறைந்த வெப்ப மதிப்பே காரணம். ஆகவே மட்கும் குப்பையை வீட்டு வாசலிலேயே பிரிக்காத ஊரில் எந்த உலையும் வேலை செய்யாது. கீழே சொல்வதெல்லாம் பிரித்த பிறகு எஞ்சும் குப்பைக்கு மட்டுமே பொருந்தும்.

நகரும் கிரேட்டின் பெரிய பலம் அதன் பொறுமை. சாய்வாக அடுக்கிய வார்ப்பிரும்புக் கம்பிகள் முன்னும் பின்னும் நகர்ந்து குப்பையைப் புரட்டித் தள்ள, அது உலர்ந்து, பற்றி, எரிந்து முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. குப்பையை முன்கூட்டி அரைக்கத் தேவையில்லை. கிழிந்த மெத்தையோ தேங்காய் மட்டையோ வந்தாலும் கிரேட் தாங்கிக்கொள்ளும். ஈரம் கூடும் மழைக்காலத்தில் கிரேட்டின் அடியில் செலுத்தும் காற்றை நீராவியால் சூடாக்கிச் சமாளிக்கலாம். கிரேட்டின்மேல் குப்பை சமமாகப் பரவாவிட்டால் காற்று மெல்லிய இடத்தில் பீறிட்டுப் போய், தடித்த இடத்தில் குப்பை கரிந்து மட்டும் நிற்கும் என்பது இதன் குறை. எரிந்து முடிந்து உலையின் அடியில் விழும் அடிச்சாம்பலில் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தால், எழுத்து தெரியும் காகிதமும் கறுத்த கொட்டாங்கச்சியும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அடிச்சாம்பலின் எரிவிழப்பு, அதாவது மறுபடி சூடாக்கினால் எரிந்து குறையும் எடை, 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சொன்னதும் இதனால்தான்.

மணல் படுகை உலையில், அடியிலிருந்து பீறிடும் காற்றில் கொதிப்பது போலக் குமுறும் சூடான மணலுக்குள் எரிபொருள் விழுந்து நொடிகளில் பற்றுகிறது. நெல் உமி எரிக்கும் பாய்லர்களில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. எரிதல் மிகச் சீரானது; இரவில் நிறுத்தினாலும் மணல் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் காலையில் எளிதில் ஏற்றலாம். ஆயினும் குப்பையை அரைத்து, இரும்பையும் கண்ணாடியையும் பிரித்துத்தான் ஊட்ட வேண்டும். டயர் கம்பி கொஞ்சம் உள்ளே போனாலும் அது காற்று நாசில்களின்மேல் சுருண்டு, சாம்பல் வடிகுழாயை அடைத்து, படுகையையே சாகடித்துவிடும். சாம்பலில் கணிசமான பகுதி புகையோடு பறந்து பேக் ஃபில்டர் என்னும் துணிப்பை வடிகட்டியில்தான் பிடிபடுகிறது என்பது இதைவிடப் பெரிய கவலை. பறக்கும் சாம்பலில்தான் நச்சு உலோகமும், டையாக்சின் என்னும் கொடிய நச்சுச் சேர்மமும் சேர்கின்றன. அந்தச் சாம்பலின் நச்சு அளவு வரம்பைத் தாண்டினால் அபாயக் கழிவுக் கிடங்குக்கு, அதாவது ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கும்மிடிப்பூண்டி போன்ற இடத்துக்கு, அனுப்ப வேண்டியிருக்கும். கிரேட்டில் பறக்கும் சாம்பல் குப்பையின் எடையில் பொதுவாக 2 முதல் 4 விழுக்காடுதான்.

சாய்வாகக் கிடந்து மெல்லச் சுழலும் உருளையான சுழல் சூளை எதையும் விழுங்கும். ஆனால் உட்பக்கம் பதித்த தீச்செங்கல் விரைவில் தேயும், செலவு மிகும். தொழிற்சாலைகளின் அபாயக் கழிவுக்கு அது சரி, ஊர்க் குப்பைக்கு வேண்டாம்.

வெப்ப மீட்பில்தான் வடிவமைப்பாளரின் திறமை தெரியும். அதே 2016 விதிகளின்படி, புகை முழுதும் எரிந்து தீரும் இரண்டாம் அறையில் குறைந்தது 950 டிகிரியில் 2 விநாடி நின்ற புகை நேரே பாய்லரின் குழாய்க் கற்றைகளில் மோதினால், உருகிய சாம்பல் கிளிங்கராக, அதாவது கெட்டிக் கட்டியாக, பிடித்துக்கொள்ளும். எனவே நீர் ஓடும் குழாய்களாலான நீர்ச்சுவர்கள் மட்டும் கொண்ட காலி அறைகளில் அதை 650 டிகிரிக்குக் கீழே இறக்கிய பிறகே கற்றைகளுக்குள் விட வேண்டும். 450-க்கும் 200-க்கும் இடையில் சாம்பல் படிவுகளின்மேல் டையாக்சின் மறுபடி உருவாவதால், அந்த எல்லையைப் புகை விரைந்து கடக்க வேண்டும், குழாய்களையும் தட்டித் தட்டிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். சிறிய திட்டங்களில் மலிவு என்று, குழாய்க்குள் புகை ஓடும் புகைக்குழாய் பாய்லரைப் பரிந்துரைக்கிறார்கள். சாம்பல் மிகுந்த புகையில் அது அடைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், குழாய்க்குள் நீரும் வெளியே புகையும் ஓடும் நீர்க்குழாய் பாய்லரையே நான் கேட்பேன்.

மின்சாரம் எடுக்க நீராவியை மேலும் சூடேற்ற வேண்டும். பி.வி.சி.யிலிருந்தும் சமையல் உப்பிலிருந்தும் வரும் குளோரின் அந்தச் சூப்பர்ஹீட்டர் குழாய்களைத் தின்னும் என்பதால் குப்பை உலைகளில் பொதுவாக 400 டிகிரி, 40 பார் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படியும் வெப்பத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் மின்சாரமாகிறது. ஓசூர் சிப்காட் போன்ற தொழிற்பேட்டைக்கு அருகில் 10 பார் அழுத்தத்தில், 184 டிகிரி நீராவியாகவே விற்றால் சூப்பர்ஹீட்டரே தேவையில்லை, அரிப்பும் பெரிதும் குறையும், வெப்பத்தில் முக்கால் பங்குக்கு மேல் பயன்படும். மெகாவாட் மோகத்தைவிட இந்த வழியே ஊருக்கு நல்லது.

ஆகவே ஊர்க் குப்பைக்கு என் தேர்வு நகரும் கிரேட்டும் சூப்பர்ஹீட்டர் இல்லாத நீர்க்குழாய் பாய்லரும். அடிச்சாம்பலை நீர்த்தொட்டியில் விழவைத்து, ராம் என்னும் தள்ளுகட்டையால் வெளியே தள்ளும் அமைப்பு போதும். தொட்டி நீரே உலைக்குள் வெளிக்காற்று புகாமல் அடைக்கிறது. ஆனால் அந்த நீரைச் சுழற்சியிலேயே வைத்திருக்க வேண்டும், ஒரு சொட்டும் ஓடைக்குப் போகக்கூடாது. பாய்லரிலும் பேக் ஃபில்டரிலும் விழும் சாம்பலை எக்காரணம் கொண்டும் அடிச்சாம்பலோடு சேர்க்காமல், மூடிய தனித் திருகுக் கன்வேயர் வழியாகத் தனி சைலோவுக்கு, அதாவது மூடிய சேமிப்புக் கலத்துக்கு, எடுக்க வேண்டும். வரைபடத்தில் இரண்டும் ஒரே கன்வேயரில் சேர்ந்தால் அந்த வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

கோடையில் மாங்கூழ் ஆலைகளில் குவியும் பெங்களூரா மாங்கொட்டையையும் இதே உலையில் போடலாமே என்ற யோசனை இங்கே இயல்பாக எழும். பழக்கழிவுச் சாம்பலில் பொட்டாசியம் மிகுதி. மணல் படுகையில் அது மணலோடு உருகிக் கட்டி பிடிக்கும், கிரேட்டில் அந்தச் சிக்கல் குறைவு. ஆயினும் உலர்த்திய கொட்டையை ஆலையின் சொந்தக் கிரேட் பாய்லரிலேயே தனியாக எரிப்பதுதான் சரி. நகரக் குப்பையோடு கலக்காத அந்தச் சாம்பலை மாந்தோப்புக்கே எருவாகத் திருப்பலாம். கலந்துவிட்டால் அதையும் கிடங்குக்குத்தான் அனுப்ப வேண்டும்.