பீலித் தண்ணீருக்கு எந்த சிப்? இறப்பரா, கடதாசியா, அக்ரிலிக்கா

மேசையில் மூன்று சிப்கள் கிடக்கின்றன. கணினிச் சிப் இல்லை, சில துளித் தண்ணீரை மெல்லிய வாய்க்கால்களிலோ குழிகளிலோ விட்டுச் சோதிக்கும் சிறு தகடுகள். கண்ணாடித் தகட்டில் ஒட்டிய தெளிவான சிலிக்கோன் இறப்பர் ஒன்று. மெழுகுக் கோடு போட்ட வடிதாள் ஒன்று. அக்ரிலிக் துண்டுகளுக்கு நடுவே இரட்டைப் பக்க ஒட்டுநாடா வைத்து அழுத்தியது இன்னொன்று. மூன்றுக்கும் ஒரே வேலைதான்: நுவரெலியாப் பக்கம் கரட், லீக்ஸ் பாத்திகளுக்குக் கீழே இருக்கும் பீலிகளில், அதாவது ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய்களில், நைட்ரேட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் நைத்திரேற்று என்று படித்தோமே, அதேதான். மேலே போடும் பசளையிலிருந்தும் கோழி எருவிலிருந்தும் மழையோடு அது பீலிக்கு இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

வேதியியலும் மூன்றுக்கும் பொது. துத்தநாகத் தூளால் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி, நைட்ரைட்டைக் காட்டும் கிரீஸ் (Griess) கரைசலைச் சேர்த்தால் இளஞ்சிவப்பு வரும். தூள் கூடிப்போனால் நைட்ரைட்டும் மேலும் மாறிக் காணாமல் போய்விடும், நிறமும் வெளிறிவிடும். அது சிப்பின் குற்றமில்லை, கையின் குற்றம்.

இறப்பரிலிருந்து தொடங்குகிறேன், இந்தத் துறையில் அதற்குத்தான் மரியாதை அதிகம். பெயர் பி.டி.எம்.எஸ். சிலிக்கன் வில்லையில் எஸ்.யு-8 என்ற ரெசினைச் சுழற்றிப் பரப்பி, புறஊதா ஒளியால் வாய்க்கால் வடிவத்தைப் பதித்துக் கழுவினால் அச்சு தயார். பத்துக்கு ஒன்று என்று இறுக்கி கலந்த சிலிக்கோன் திரவத்தை அதன் மேல் ஊற்றி, குமிழ்களை வெற்றிடத்தில் வெளியேற்றி, 70 பாகையில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் ஜெலி மாதிரி உரிந்து வரும். ஒட்சிசன் பிளாஸ்மா (மின்னூட்டிய வாயு) காட்டிக் கண்ணாடியில் அமர்த்தினால் பிரிக்கவே முடியாத ஒட்டு. ஆனால் நடுவில் ஒரு தூசு இருந்தால் அந்த இடத்தில் கசியும். ஒரு மயிரிழையின் பருமனுக்கு, அதைவிட மெல்லியதாகக்கூட, வாய்க்கால் வெட்ட மற்ற இரண்டாலும் முடியாது.

சிலிக்கன் அச்சுக்காகத் தூசில்லாத சுத்த அறைக்கு அலைய அலுப்புப்பட்டு, ஒருமுறை ரெசின் முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சு செய்து பார்த்தேன். மேற்பக்கம் அழகாக இறுகியது. அச்சைத் தொட்ட பக்கம் மட்டும் பலாப்பால் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. முழுதாக இறுகாத ரெசினின் மிச்சங்கள் இறப்பரை இறுக்கும் பிளாட்டினம் ஊக்கியைக் கெடுத்துவிடுகின்றன. அச்சைக் கழுவி, மறுபடி ஒளி காட்டி, நீண்ட நேரம் சூடேற்றிய பிறகே ஊற்ற வேண்டும். நாளெல்லாம் கரண்ட் போன 2022இல் வேறு பாடம். அடுப்பு இல்லாமலும் இது இறுகும்தான், 25 பாகையில் இரண்டு நாள் ஆகும். நம் குளிரில் இன்னும் இழுக்கும்.

இறப்பரின் பெருமை வாய்க்கால் மெல்லியதாக இருப்பது. 100 மைக்ரோமீற்றர் அகலத்தில் தண்ணீர் செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால் ஓட்டம் சுழிக்குமா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 0.1தான். சுழிப்பே கிடையாது. இரண்டு நீரோட்டங்கள் ஒரே படுக்கையில் முட்டாமல் பக்கம் பக்கமாகப் போகும், பரவலால் மட்டும் கலக்கும். அந்த அகலத்தைக் கடக்க ஒரு மூலக்கூறுக்கு ஐந்து செக்கன் அளவு போதும். அகலம் ஒரு மில்லிமீற்றரானால் அது நூறு மடங்காகும், எட்டு நிமிடத்துக்கு மேல். பார்க்க அவ்வளவு அழகு.

நம் வேலைக்கு இடைஞ்சல் தருவதும் அதே மெல்லிய வாய்க்கால்தான். நிறத்தை அளக்க ஒளி எவ்வளவு தூரம் திரவத்தினூடே போகிறது என்பது முக்கியம். 50ஐ எட்டிய தண்ணீருக்கு 0.1 மில்லிமீற்றர் ஆழம் நல்லதுதான், ஆழமான கிண்ணத்தில் நிறம் முற்றி அளவே தெரியாது. நாங்கள் பிடிக்க நினைப்பது 1, 2 என்று அது ஏறத் தொடங்கும் காலத்தை. அப்போது 0.1 மில்லிமீற்றரில் கண்ணுக்கு ஒன்றும் படாது. அப்புறம் குமிழ். குளிர்ந்த தண்ணீரில் காற்று கூடுதலாகக் கரைந்திருக்கும். பீலியிலிருந்து எடுத்ததை அறைக்குள் கொண்டுவந்து சூடேற விட்டால் அந்தக் காற்று வாய்க்காலுக்குள் முத்து முத்தாக வந்து அடைத்துக்கொள்ளும்.

கடதாசியில் இந்தத் தொல்லை இல்லை, பம்பும் வேண்டாம். நார்களே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முதலில் விறுவிறு என்று ஏறி, பிறகு சோம்பும்: இரண்டு மடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு நேரம். 1998இல் பி.டி.எம்.எஸ் வழியைப் பரப்பிய ஹார்வார்ட் பேராசிரியர் ஜோர்ஜ் வைட்சைட்ஸின் ஆய்வுகூடமேதான் 2007இல் கடதாசி சிப்பையும் முன்வைத்தது. அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பிறகு கடதாசி சிப்பில் கோடு போடப் பயன்பட்ட மெழுகு அச்சுப்பொறிகள் இப்போது தயாரிப்பில் இல்லை. நமக்கு அது பெரிய இழப்பில்லை, பத்திக் துணி செய்கிறவர்கள் இருக்கும் நாடு இது. சாயம் போகக்கூடாத இடத்தில் மெழுகு வைப்பதுதானே இரண்டிலும் வித்தை! உலோக முத்திரையைச் சூடான மெழுகில் தோய்த்து வடிதாளில் அழுத்தினேன். சூடான தட்டில் வைத்ததும் மெழுகு அடிவரை இறங்கியது. பக்கவாட்டிலும் பரவியது, அதனால் அரை மில்லிமீற்றருக்குக் குறைந்த வாய்க்கால் கைகூடாது. நிறமும் ஒரே சீராக வராது, காய்ந்த தேத்தண்ணீர்க் கறை மாதிரி விளிம்பில் தடித்து நிற்கும். போனில் படம் எடுத்து அளக்கலாம் என்றால் மூடுபனி வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது.

அக்ரிலிக்கைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. லேசர் வெட்டும் கடையில் பெயர்ப்பலகை வெட்டும் அதே இயந்திரம் போதும். அகலம் சுமாராகத்தான் வரும். ஆழம் மட்டும் நாம் சொன்னபடி, தகட்டின் தடிப்புத்தானே ஆழம். ஒரே சிப்பில் 0.1 மில்லிமீற்றர் நாடாவில் ஒரு குழி, 3 மில்லிமீற்றர் தகட்டில் இன்னொரு குழி. முற்றிய தண்ணீருக்கு முதலாவது, இப்போதுதான் ஏறத் தொடங்கிய தண்ணீருக்கு முப்பது மடங்கு ஆழமான இரண்டாவது. கீழே பச்சை எல்.ஈ.டி., மேலே ஒளி உணரி. குழிக்குள் குலுக்கினால் கலந்துவிடும், ஐந்து செக்கன் கணக்கெல்லாம் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: வெட்டிய அக்ரிலிக்கை மதுசாரத்தால் துடைக்காதீர்கள். வெட்டு விளிம்பில் இறுகி நிற்கும் அழுத்தம் விட்டு, கண்முன்னே சிலந்தி வலை போல வெடிப்பு ஓடும். நான் துடைத்திருக்கிறேன்.

எண் வேண்டுமென்றால் அக்ரிலிக். எந்தப் பீலியை முதலில் பார்ப்பது என்று பிரிக்கக் கடதாசி. இறப்பர் ஆய்வுகூடத்திலேயே இருக்கட்டும், துளித்துளியாகப் பிரிக்கவோ உயிரணுக்களை வரிசையாக ஓட்டவோ வேண்டிய நாளில் எடுக்கலாம். பி.டி.எம்.எஸ் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை என்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. இந்தத் தண்ணீர் அதைக் கேட்கவில்லை.

தை மாதக் காலையில் கடதாசியோடு ஒரு பீலிக்கரைக்குப் போனேன். குடம் நிரப்பிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இது செவந்தா தண்ணி கெட்டதா, தம்பி?"

"பசளை எறங்கியிருக்குன்னு அர்த்தம், அக்கா."

"அப்ப மருந்தடிக்கிறது? கிருமி?"

"அது ரெண்டும் இதுல தெரியாது."

"அப்ப பாதிதான் சொல்லுது," என்று குடத்தைத் தூக்கிக்கொண்டார்.

பத்து நிமிடம் கழித்தும் நிறம் மங்கலாகவே நின்றது. தண்ணீரில் ஒன்றும் இல்லையா, இல்லை விரல் விறைக்கும் அந்தக் குளிரில் வினை மெதுவாகியதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இப்போது அதே கடதாசியில் 0, 10, 50 என்று அளவு தெரிந்த மூன்று வட்டங்களையும் பக்கத்தில் வைக்கிறேன். எல்லாம் ஒரே குளிரில் சேர்ந்தே நனையட்டும்.