கோட்டாறுல வாங்குன அச்சுமுறுக்கு அச்சு: துணியில டிசைன் போட எப்படி இருக்கு?

அச்சுமுறுக்கு சுடுற அச்ச துணியில பிரிண்ட் போடத்தான் வாங்குனேன்னு சொன்னா நெறைய பேரு நம்ப மாட்டேங்காங்க, ஆனா தலையணை உறை, துணிப்பை, சேலை பார்டர்னு எல்லாத்துக்கும் இப்ப நான் இதத்தான் எடுக்கேன், அதான் விவரமா ஒரு ரிவ்யூ போடுகேன்.

வாங்குனது நாகர்கோவில் கோட்டாறு பக்கம் ஒரு பாத்திரக்கடை. இரும்பு, பித்தளை, அலுமினியம், நான்ஸ்டிக் எல்லாமே இருந்துச்சு. பிரிண்டுக்குன்னா நான்ஸ்டிக் வேண்டாம், ஃபேப்ரிக் பெயிண்ட் அதுல ஒட்டாம முத்து முத்தா உருண்டுரும். இரும்பு வெல கம்மி, ஆனா கழுவுன ஒடனே தொடச்சி தேங்காண்ணெ தடவி வைக்கலன்னா துரு ஏறி அடுத்த துணியில கறை விழும். எனக்கு பித்தளைதான் கொள்ளாம்.

முக்கியமா பாக்க வேண்டியது அடிப்பக்கம். "அண்ணாச்சி, இந்த கண்ணாடி மேல வச்சி பாக்கட்டா"ன்னு கேட்டேன், "வச்சி பாரு மக்ளே, ஆடாதத எடுத்துக்க"ன்னு அவரே அஞ்சாற எடுத்து பரத்திட்டாரு. ஆடுச்சுன்னா ஒரு பக்கம் இதழ் விழும், மறுபக்கம் விழாது. ஆன்லைன்ல வாங்குன ஒண்ணு இப்படித்தான் கோணலா வந்துச்சு, முறுக்கு சுட அது போதும், துணிக்கு ஆகாது.

மாவுல அச்ச முழுசா முக்க மாட்டோம்லா, முக்காவாசிதான், மேல மாவு ஏறிட்டா முறுக்கு கழண்டு வராது. பெயிண்டுல அதவிட கம்மி, ஒரு தட்டுல ஸ்பாஞ்சு போட்டு பெயிண்ட தடவி அதுல அச்ச ஒத்தணும், விளிம்பு மட்டும் நனஞ்சா போதும். துணிக்கு அடியில பழைய போர்வைய மடிச்சி போட்டா பூ முழுசா விழும், புதுத்துணின்னா கஞ்சி போக அலசி காயவச்சிட்டுதான் ஆரம்பிக்கணும், பெயிண்ட் நல்லா காஞ்சப்பறம் பின்பக்கமா அயன் பண்ணுனா நிக்கும். பெயிண்ட் பட்ட அச்ச மறுபடி அடுக்களைக்கு எடுக்கவே கூடாது, அதுக்கு தனியா ஒண்ணு வச்சிக்கிடுங்க.

எனக்கு இதுல புடிச்சதே பூவ விட பூவுக்கு நடுவுல கெடக்குற எடம்தான். கோலத்துல நேர்புள்ளி வைக்குற மாதிரி நேருக்கு நேரா அச்ச வச்சா நாலு பூவுக்கு நடுவுல நாலு மூலை உள்ள ஒரு நட்சத்திரம் வரும், அதே அச்ச ஊடுபுள்ளி கணக்குல அடுத்த வரிசைய பாதி தள்ளி நெருக்கி வச்சா மூணு மூலையா சின்னதா மாறிரும், துணியே வேற துணி மாதிரி தெரியும். வட்டத்த ஒண்ணோட ஒண்ணு தொடுற மாதிரி வச்சா நேர்வரிசையில துணியில 78.5 சதவீதம் நெறையும், ஊடா வச்சா 90.7 சதவீதம், அதனால சேலை ஒடம்புக்கு நேர்வரிசை, பார்டருக்கு ஊடான்னு நான் பிரிச்சி வச்சிருக்கேன்.

ரெண்டு மூணு அச்சு வாங்குறவங்க வெளிவட்டம் ஒரே அளவா பாத்து எடுங்க, உள்ள இதழ் மட்டும் மாறட்டும். பத்மநாபபுரம் அரண்மனை பூமுகத்துல, அதான் முன்வாசல் மண்டபத்துல, அண்ணாந்து பாத்தா மரத்துல 90 பூ செதுக்கி வச்சிருக்கு, ஒண்ணு போல ஒண்ணு கெடையாது, ஆனா வரிசை ஒழுங்கா நிக்கதால கண்ணு தடுமாறல. கலருக்கு நான் தோவாளை மாணிக்கமாலைய பாத்துக்கிடுவேன், 2025ல புவிசார் குறியீடு கெடச்ச நம்ம ஊரு மாலைதான், சிவப்பு, வெள்ளை, பச்சை, அவ்வளவுதான், நாலாவது கலர தேடவே தோணாது.

கொறைன்னா கம்பிதான். எண்ணெய் தெறிக்காம இருக்க நீளமா வச்சிருக்காங்க, துணியில நேரா அமுக்கும்போது கை நடுங்கும். ஸ்க்ரூ போட்டு கழட்டுற மாடல் எடுத்தா கம்பிய கழட்டிட்டு உள்ளங்கையால அமுக்கலாம், நெறைய துணி போடுறவங்களுக்கு அதுதான் சரி.

இது வந்தப்பறம் இடியாப்பத் தட்டு, அரிப்பு (சல்லடை), சொளவு (முறம்) பின்னல் எல்லாத்தையும் பேப்பர்ல வரஞ்சிட்டு இருக்கேன். சொளவ சொளவாவே வரஞ்சா அது வெறும் படம், அதுல ஓலை மேலயும் கீழயும் போற ஒரு சின்ன கட்டத்த மட்டும் எடுத்து திரும்ப திரும்ப வச்சாதான் டிசைன் ஆகும்.

வாங்குறதா இருந்தா கிறிஸ்மஸுக்கு முன்னாடியே போயிருங்க, டிசம்பர்ல நம்ம ஜில்லாவுல வீட்டுக்கு வீடு அச்சுமுறுக்கு சுடுவாங்க, அந்த கூட்டத்துல நின்னு ஒவ்வொண்ணா கண்ணாடி மேல வச்சி பாக்க முடியாது.