எச்410 போர்டில் 3200 ரேம்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பெட்டியில் வேகம் 3200 (விநாடிக்கு இத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றம்) என்று அச்சிட்டிருந்தாலும் என் கணினியில் அந்த ரேம் 2666-க்கு மேல் ஓடாது. தெரிந்தேதான் வாங்கினேன், இன்றுவரை அதனால் எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்துக் காசைக் கொட்டுகிறவர்களையும், எண் வரவில்லையே என்று நல்ல ரேமைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களையும் பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் அடிக்கடி பார்க்கிறேன். மனது கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அல்சூரில் வீட்டிலிருந்தே திருமண ஆல்பம் வடிவமைக்கிறேன். கணினி இன்டெல் ஐ5-10400, எச்410 மதர்போர்டு. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. முதலில் 2666 வேகத்தில் ஒற்றை 8 ஜிபி ரேம்தான் இருந்தது. போட்டோஷாப்பில் ஆல்பத்தைத் திறந்து, படம் தேர்ந்தெடுக்க லைட்ரூமையும் திறந்துவிட்டால் இடம் போதாமல் விண்டோஸ் எஸ்எஸ்டியைத் துணைக்கு இழுக்கும். ஒரு லேயரை நகர்த்தினால் அது கண்முன் திக்கித் திக்கி வரும். அதனால் இன்னொரு 8 ஜிபி ரேம் சேர்க்க முடிவு செய்தேன்.

ரேமின் வேகத்தை மூன்று பேர் சேர்ந்து முடிவு செய்கிறார்கள்: ரேம், புராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் (ரேமோடு பேசும் பகுதி), மதர்போர்டு. மூவரில் யார் மெதுவோ அவர் சொல்வதே செல்லும். ஐ5-10400-க்கு இன்டெல் விதித்த வரம்பு 2666. அந்தத் தலைமுறையில் வரம்பைத் தாண்ட விட்டது இசட்490 சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) மட்டும்தான். எச்410-க்கும் பி460-க்கும் அந்த அனுமதி இல்லை. விலை குறைந்த பி வரிசைக்கு அந்தக் கதவு 2021-இல் பி560 வந்த பிறகே திறந்தது. என் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) மெமரி வேகத்துக்கான பட்டியலை விரித்தால் 2133, 2400, 2666 என்று வந்து அத்துடன் முடிந்துவிடும்.

"என்ன போர்டு சார்?" என்று முதலில் கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார், தமிழர்தான். எச்410 என்றதும், எடுத்து வைத்திருந்த பளபளப்பான ஹீட்சிங்க் ரேமை உள்ளே வைத்துவிட்டு, மேலுறை இல்லாத சாதாரண 3200 ரேமை நீட்டினார். "உங்கள் போர்டுக்கு இதுதான் சார் சரி. அதை எடுத்தால் வேகம் இன்னும் குறைந்தாலும் குறையும்" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. பளபளப்பு ரேமில் 3200 என்பது பெரும்பாலும் எக்ஸ்எம்பி (ரேமிலேயே பதிந்து வரும் கூடுதல் வேக அமைப்பு) கணக்கு, 1.35 வோல்ட்டில், போர்டு அனுமதித்தால் கிடைக்கும் வேகம். எக்ஸ்எம்பி இல்லாமல் அதன் அடிப்படை வேகம் 2133-ஆகவோ 2400-ஆகவோ இருக்கலாம். அப்போது புதியவர் பழையவரையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடுவார். இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஓட முடியும். சாதாரண 3200 ரேம் 1.2 வோல்ட்டிலேயே அந்த வேகத்துக்குரியது, 2666-க்கு இறங்கச் சொன்னால் முரண்டு பிடிக்காமல் இறங்கும். கேட்ட தரவு வர ஆகும் தாமதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் (சிஎல் என்பது அதற்கு ஆகும் துடிப்புகளின் எண்ணிக்கை) 3200 சிஎல்22-க்கு 13.75 நானோ விநாடி, 2666 சிஎல்19-க்கு 14.25. இந்த அரை நானோ விநாடிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மாட்டிய பிறகு, கணினியின் பாகங்களைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 1333 என்று காட்டும். பதற வேண்டாம். டிடிஆர் ரேம் ஒரு துடிப்பில் இருமுறை தரவு அனுப்புவதால் அதை இரண்டால் பெருக்கினால் 2666.

உண்மையான லாபம் இரண்டாவது ஸ்லாட் நிறைந்ததில் இருக்கிறது. ஒற்றை ரேமில் விநாடிக்கு 21.3 ஜிபி என்றிருந்த உச்சம் டூயல் சேனலில் (இரண்டு ரேமும் தனித்தனிப் பாதையில் ஒரே நேரத்தில் இயங்குவது) 42.6 ஆகிறது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் திரையில் வரும் படமும் அதே ரேமில்தான் உயிர் வாழ்கிறது. லேயர் திக்கல் அன்றே போயிற்று. முகூர்த்த மாதங்களில் காலை முதல் இரவு வரை ஓடியும் ஒருமுறைகூட நீலத்திரை வந்ததில்லை. 8-க்குத் துணையாக 16 ஜிபி போட்டிருந்தாலும் ஓடியிருக்கும். 8-க்கு 8 இணைந்து, மிச்ச 8 மட்டும் ஒற்றைச் சேனலில் இயங்கும்.

எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் என் தங்கை கணவரின் கதை வேறு. ரைசன் 5 3600, பி450 போர்டு. இரண்டு 8 ஜிபி ரேம் 3200-இல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. அதே வகையில் இன்னும் இரண்டைச் சேர்த்தார். நிரலைத் தொகுக்கும்போது பாதியிலேயே கணினி அணைந்து எழும். "நாலும் ஒரே ரேம்தானே மச்சான்?" என்று கேட்டார். ரேமில் பழுதில்லை. ஒரு சேனலில் இரண்டு ரேம் தொங்கினால் கன்ட்ரோலருக்குச் சுமை கூடுகிறது, கம்பித்தடத்தில் சமிக்ஞை எதிரொலித்துக் கலங்குகிறது. அந்த வரிசைக்கு ஏஎம்டியே சொல்லும் வரம்பு, இரண்டு ரேமுக்கு 3200. ஒற்றை ரேங்க் (ரேங்க் என்பது ரேமில் சேர்ந்து இயங்கும் ஒரு சில்லுத் தொகுதி) ரேம் நான்கு என்றால் 2933. இரட்டை ரேங்க் நான்கு என்றால் 2666. 2933-க்கு இறக்கி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டோம். பிழை ஒன்றும் இல்லை, இன்றும் அப்படியே ஓடுகிறது.

அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5-இல் இந்தச் சரிவு இன்னும் செங்குத்து. ரைசன் 7000 வரிசையில் இரண்டு ரேமுக்கு 5200, நான்கு மாட்டினால் 3600. அதனால் அடுத்த கணினிக்கு நான்கு எட்டு வேண்டாம், இரண்டு பதினாறு என்று இப்போதே முடிவு செய்துவிட்டேன். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டை மட்டும் மாட்டுவதென்றால், பெரும்பாலான போர்டுகளில் புராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் இடம். கையேட்டில் படமே இருக்கும். முதல்முறை இயக்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள டிடிஆர்5 போர்டு சில நிமிடங்கள்கூடத் திரையைக் கறுப்பாக வைத்திருக்கும். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.