டிஸ்க் கோட்டா ரிக்ரெஷன் டெஸ்ட்: எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ், எல்டிபி, சொந்த ஸ்கிரிப்ட் – எது எதற்கு?

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை மாற்றியபின், ஒவ்வொரு பயனரும் எவ்வளவு டிஸ்க் இடம் பிடிக்கலாம் என்று வரம்பிடும் டிஸ்க் கோட்டா பழையபடி வேலை செய்கிறதா என்று பார்க்க லினக்ஸில் மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் (ஃபைல் சிஸ்டங்களுக்கான சோதனைத் தொகுப்பு), எல்டிபி (லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்ட் என்ற கர்னல் சோதனைத் தொகுப்பு), நாமே எழுதிக்கொள்ளும் ஷெல் ஸ்கிரிப்ட். வரம்பைத் தொட்டதும் பிழை வருகிறதா என்று மட்டும் கேட்டால் மூன்றுமே பதில் சொல்லும். ஆனால் கோட்டாவில் பெரிய தலைவலி அது அல்ல, கணக்கு. டிஸ்கில் 900 எம்பி இருக்கும்போது கோட்டா 1 ஜிபி என்று காட்டினால், வரம்பு ஒழுங்காக வேலை செய்தும் பயனர் அநியாயமாகத் தடுக்கப்படுவார். அதனால் கணக்கைச் சரிபார்க்கிறதா என்பதை வைத்தே இந்த மூன்றையும் எடைபோடுகிறேன்.

முதலில் சொந்த ஸ்கிரிப்ட். ஒரு லூப் டிவைஸ் (டிஸ்க் போல நடத்தப்படும் கோப்பு), அதில் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், 'செட்கோட்டா' கட்டளையில் ஒரு வரம்பு, பிறகு 'டிடி' கட்டளை கொண்டு தரவை எழுதிப் பார்ப்பது. அரை மணியில் எழுதிவிடலாம்; தப்பாகவும் எழுதிவிடலாம். ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடினால் இஎக்ஸ்டி4 தடுக்காது, ஏனென்றால் 'கேப்_சிஸ்_ரிசோர்ஸ்' என்ற உரிமை உள்ள புரோசஸுக்கு கர்னலின் பொதுக் கோட்டா குறியீடு தாண்டவே கூடாத வரம்பான ஹார்டு லிமிட்டையே பார்ப்பதில்லை. கோட்டா உடைந்துவிட்டது என்று பதறுவதற்கு முன் யாராக எழுதினோம் என்று பார்க்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில், டைரக்டரி மரத்துக்கு வரம்பிடும் புராஜெக்ட் கோட்டாவோ ரூட்டையும் நிறுத்தும். ஆக, ஒரே ஸ்கிரிப்டை இரண்டு ஃபைல் சிஸ்டத்திலும் ரூட்டாக ஓட்டினால் வெவ்வேறு முடிவு வரும். இரண்டும் சரியான முடிவுதான்.

நெட்வொர்க்கில் உள்ள ஃபைல் சிஸ்டத்தை அணுகும் என்எஃப்எஸ் வழியாக எழுதினால் இன்னொரு சிக்கல். கிளையன்ட் தரவைக் கேஷில் வைத்துக்கொள்வதால் 'டிஸ்க் கோட்டா எக்ஸீடட்' என்ற பிழை ரைட்டில் வராமல், தரவைச் சேமிப்பகத்துக்குத் தள்ளும் எஃப்சிங்கிலோ கோப்பை மூடும் க்ளோஸிலோ வரலாம். 'டிடி'க்கு 'கான்வ்=எஃப்சிங்க்' கொடுக்காத ஸ்கிரிப்டை நான் நம்ப மாட்டேன். சலுகைக் காலம் வரை தாண்ட அனுமதிக்கும் வரம்பான சாஃப்ட் லிமிட்டைப் பெரும்பாலான சொந்த ஸ்கிரிப்டுகள் தொடுவதே இல்லை. சலுகைக் காலம் இயல்பாக 7 நாள். அதைச் சில வினாடியாகக் குறைத்துவிட்டு, காலம் முடிந்ததும் சாஃப்ட் லிமிட்டே கதவை மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கோப்புகளின் எண்ணிக்கைக்கான ஐநோடு வரம்பையும் மறந்துவிடுவார்கள்: சின்னச் சின்னக் கோப்புகளாக நிரப்பினால்தான் அது வெளியே வரும்.

எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் எஸ்ஜிஐ நிறுவனத்தில் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்காகப் பிறந்தது. இன்று இஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் உரைகல். 'செக் -ஜி கோட்டா' என்றால் கோட்டா தொகுப்பு மட்டும் ஓடும். 'ஜெனரிக்/230' வரம்பு அமலாக்கத்தைச் சோதிக்கிறது. எனக்குப் பிடித்தவை 231, 232, 233. பயனர் கோட்டாவை இயக்கிவிட்டு எஃப்எஸ்எக்ஸ், எஃப்எஸ்ஸ்ட்ரெஸ் போன்ற கருவிகளைக் கொண்டு ஃபைல் சிஸ்டத்தைப் பிழிந்தெடுக்கும். பிறகு கர்னல் சொல்லும் பயன்பாட்டுக் கணக்கைக் குறித்துவைத்து, எல்லாவற்றையும் புதிதாக எண்ணவைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். சொந்த ஸ்கிரிப்டில் யாரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு பிளாக் விடுவிக்கப்பட்டும் கோட்டாவில் கழியாமல் நின்றால் பிடிபடுவது இங்கேதான்.

குறை இல்லாமல் இல்லை. 'எஃப்எஸ்ஜிகியூஏ' என்ற பயனரை உருவாக்கி வைத்திருக்க வேண்டும், கோட்டா கருவிகள் நிறுவியிருக்க வேண்டும், கர்னலில் கோட்டா இயக்கப்பட்டிருக்க வேண்டும். ஏதேனும் ஒன்று இல்லையென்றால் டெஸ்ட் தோற்காது. 'நாட் ரன்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். கடைசி வரியில் தோல்வி இல்லை என்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர்கள், ஓடாதவற்றின் பட்டியலைத்தான் முதலில் படிக்க வேண்டும். இன்னொன்று, சோதனைக்கென ஒதுக்கிய ஸ்கிராட்ச் டிவைஸை அது திரும்பத் திரும்ப ஃபார்மேட் செய்யும். பார்ட்டிஷன் பெயரை இருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எல்டிபியின் பார்வை வேறு. அது நிரல்கள் கர்னலை அழைக்கும் சிஸ்டம் காலைச் சோதிக்கிறது: கோட்டாவுக்கான அழைப்பான 'கோட்டாசிடிஎல்' தவறான வாதத்துக்குச் சரியான பிழை எண்ணைத் தருகிறதா, வரம்பை எழுதினால் அதே வரம்பு திரும்பி வருகிறதா. 'கோட்டாசிடிஎல்03' நல்ல எடுத்துக்காட்டு. எக்ஸ்எஃப்எஸ்ஸில் அடுத்த பயனரின் கோட்டாவைக் கேட்கும்போது எண் உச்சத்தைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு சிறிய ஐடி திரும்பி வந்த பிழை ஒன்று இருந்தது. அது மறுபடி தலைகாட்டாமல் இருக்க எழுதப்பட்ட டெஸ்ட் இது. தோற்றால் எந்தத் திருத்தம் உங்கள் கர்னலில் விடுபட்டிருக்கலாம் என்று கமிட் எண்ணோடு குறிப்பும் கொடுக்கும். பழைய கர்னலில் திருத்தங்களைச் சேர்த்துப் பராமரிக்கும் டிஸ்ட்ரோக்காரர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே எல்டிபி வேண்டும். லூப் டிவைஸைத் தானே அமைத்துக்கொள்வதால் தொடங்குவதும் எளிது. ஆனால் மணிக்கணக்கில் எழுதி அழித்தபின் கணக்கு நிற்கிறதா என்ற கேள்வியை அது கேட்பதில்லை.

ஃபைல் சிஸ்டம் குறியீட்டைத் தொடுபவர் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸை விட்டுவிட்டு மற்றதை எடுத்தால் அது சோம்பல். கர்னல் பேக்கேஜ் செய்பவருக்கு இரண்டும் வேண்டும். சர்வர் நிர்வாகிக்கு என் பரிந்துரை சொந்த ஸ்கிரிப்ட்தான், சில நிபந்தனைகளோடு: சாதாரணப் பயனராக எழுதுங்கள், உங்கள் இடத்தில் உள்ள அதே மவுண்ட் தேர்வுகளையும் அதே வரம்புகளையும் வையுங்கள், இட அளவைக் காட்டும் 'டியூ' கட்டளையோடு ஒப்பிடாதீர்கள். 'டியூ' ஒரு டைரக்டரிக்குள் இருப்பதை எண்ணும்; பயனர் கோட்டா ஃபைல் சிஸ்டம் முழுக்க அந்தப் பயனருக்குச் சொந்தமானதை எண்ணும், அழித்தபின்னும் திறந்தே இருக்கும் கோப்பு உட்பட.

பிடிஆர்எஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேர்வே இல்லை. அங்கே கோட்டா பயனருக்கு அல்ல, சப்வால்யூமுக்கு (ஃபைல் சிஸ்டத்துக்குள் தனியாகப் பிரித்த பகுதி). அது 'கோட்டாசிடிஎல்' வழியாக வராததால் எல்டிபியின் அந்த டெஸ்டுகள் பொருந்தாது. எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸின் 'கியூகுரூப்' தொகுப்பைத்தான் ஓட்ட வேண்டும். லினக்ஸ் 6.7இல் வந்த எளிய கோட்டாவுக்கு மாறியிருந்தால் பழைய எண்களோடு ஒப்பிட வேண்டாம். பல சப்வால்யூம்கள் பகிரும் எக்ஸ்டெண்டை (தொடர்ச்சியான பிளாக்குகளின் தொகுதி), அதை முதலில் எழுதிய சப்வால்யூமின் கணக்கிலேயே எளிய கோட்டா வைத்திருக்கும்.