சன்னலில் ஒட்டிய ஸ்ட்ராடக்ஸ் பெட்டி: மூன்று ஆண்டு அனுபவம்

சோப்புப் பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு கறுப்புப் பெட்டி. தலையில் இரண்டு குட்டி ஆன்டெனா, பக்கவாட்டில் ஒரு விசிறி, பவர் பேங்குக்குப் போகும் ஒரு ஒயர். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் பின்பக்கச் சன்னலில் சக்‌ஷன் கப்பால் ஒட்டி வைத்திருப்பேன். முதல்முறை என்னோடு பறக்க வந்த நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "இதை எப்படி ஏர்போர்ட்டுக்குள்ள விட்டாங்க?" என்று கேட்டார். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். சுற்றிப் பறக்கும் விமானங்களைத் திரையில் காட்டும் ஸ்ட்ராடக்ஸ் பெட்டி, வீட்டு மேசையில் நானே பூட்டியது.

நான் பறப்பது கலிபோர்னியாவில், சான் ஹோசேவில் உள்ள ரீட்-ஹில்வியூ விமான நிலையத்திலிருந்து. சொந்த விமானம் இல்லை. கிளப்பில் மூன்று செஸ்னாக்கள் இருக்கின்றன, அன்றைக்கு எது கிடைக்கிறதோ அதில் ஏறுவேன். இந்தப் பெட்டி வேண்டும் என்று தோன்றியது 2022 ஆகஸ்ட் 18-க்குப் பிறகு. சாண்டா குரூஸ் மலையைத் தாண்டினால் வரும் வாட்சன்வில்லில், ஓடுபாதைச் சுற்றில் (இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றிவரும் பாதையில்) பறந்துகொண்டிருந்த ஒரு செஸ்னா 152-உம், நேராக இறங்க வந்த இரட்டை எஞ்சின் செஸ்னா 340-உம் மோதி மூன்று பேர் இறந்தார்கள். அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. விமானிகள் ஒரு பொது அலைவரிசையில் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இறங்க வேண்டும். அந்த இருவரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அதே ஓடுபாதையில் நான் எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன். அடுத்த வாரமே உதிரிபாகங்களுக்கு ஆர்டர் போட்டேன்.

ஸ்ட்ராடக்ஸ் எந்த நிறுவனத்தின் பொருளும் அல்ல. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள். ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினி, இரண்டு யுஎஸ்பி ரேடியோ ரிசீவர், ஒரு ஜிபிஎஸ், மெமரி கார்டு, விசிறி இவ்வளவுதான் அதன் உடம்பு. சுற்றியிருக்கும் விமானங்கள் ஏடிஎஸ்-பி முறையில் நொடிக்கொரு முறை ஒலிபரப்பும் இருப்பிடத்தையும் உயரத்தையும் இது கேட்டு, வைஃபை வழியாக ஐபேடுக்கு அனுப்பும். அங்கே ஃபோர்ஃபிளைட் என்ற விமானிகள் செயலியின் வரைபடத்தில் அவை குறிகளாகத் தெரியும். பக்கத்தில் +05 என்று இருந்தால் அந்த விமானம் நம்மைவிட 500 அடி மேலே இருக்கிறது என்று பொருள். பெட்டிக்குக் காது உண்டு, வாய் கிடையாது. நம் இருப்பிடத்தை வெளியே சொல்வது விமானத்தில் நிரந்தரமாகப் பொருத்திய ட்ரான்ஸ்பாண்டரின் வேலை.

அமெரிக்காவில் இதற்கு இரண்டு அலைவரிசைகள்: உலகம் முழுக்க உள்ள 1090 மெகாஹெர்ட்ஸ், இங்கே மட்டும், அதுவும் 18,000 அடிக்குக் கீழே பறப்பவர்களுக்காக உள்ள 978. அதனால்தான் இரண்டு ரிசீவர், இரண்டு ஆன்டெனா. என் முதல் சறுக்கல் இங்கேதான். கால் அலைநீளக் கணக்குப்படி 1090-க்கு ஆன்டெனா சுமார் 6.9 செ.மீ., 978-க்கு 7.7 செ.மீ. வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டு, "பத்து மைலுக்கு அப்பால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறதே" என்று இரண்டு வாரம் மென்பொருளைக் குடைந்துகொண்டிருந்தேன். ஆன்டெனாவை மாற்றினாலும் பாதி வேலைதான் முடியும். இரண்டு ரிசீவருக்கும் உள்ளே தனித்தனி அடையாள எண் எழுதாவிட்டால், எது 978 எது 1090 என்று பெட்டி தன் போக்கில் முடிவு செய்துகொள்ளும். எண்ணை எழுத ஒரு குட்டி நிரல் கூடவே வருகிறது, பத்து நிமிட வேலை. ரெடிமேட் கிட் வாங்கினால் பெரும்பாலும் எழுதியே வரும். அப்புறம், ஆன்டெனா அடியில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒரே வரி: மலிவான ஒயர் வாங்காதீர்கள். பவர் பேங்க் நல்லதாக இருந்தும், இளைத்த ஒயரில் மின்னழுத்தம் விழுந்து, ஹாஃப் மூன் பே கடற்கரைக்கு மேலே பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆனது. 5 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் தாங்கும் குட்டையான தடித்த ஒயர் மாற்றியபின் இன்றுவரை அந்தத் தொல்லை இல்லை.

எங்கே வைப்பது என்பதற்கு எனக்கு ஒரு வருடம் பிடித்தது. எல்லோரும் செய்வதுபோல முதலில் டாஷ்போர்டின் மேல் வைத்தேன். கோடையில் சென்ட்ரல் பள்ளத்தாக்குப் பக்கம் போனபோது, முன்கண்ணாடி வழியே அடித்த வெயிலில் ராஸ்பெர்ரி பை 80 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது. அந்தச் சூட்டில் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். போதாததற்கு, முன்னால் எஞ்சின் என்கிற பெரிய இரும்புக் கட்டி அலைகளை மறைக்கிறது. செஸ்னாவின் உடம்பு அலுமினியம் என்பதால், ரேடியோ அலை உள்ளே வர நமக்கு இருக்கும் வாசல் சன்னல்கள்தான். இடது பின்சன்னலுக்கு மாற்றியதும் சூடும் குறைந்தது, பின்பக்கமும் நன்றாகக் கேட்டது. வலது முன்பக்கம் கொஞ்சம் மங்கிவிட்டது, உண்மை. ஆனால் அந்தப் பக்கம்தான் என் மனைவி உட்கார்ந்திருப்பார், கண்ணும் கருத்துமாக. பின்னால் நமக்குக் கண் கிடையாது. அதனால் பெட்டியைப் பின்னால் பார்க்க விட்டிருக்கிறேன்.

இனி அமைப்புப் பக்கத்துக்கு வருவோம். ஐபேடை "ஸ்ட்ராடக்ஸ்" என்ற வைஃபையில் இணைத்து, உலாவியில் 192.168.10.1 என்று தட்டினால் அது திறக்கும். எத்தனை செயற்கைக்கோள் தெரிகிறது, எந்த அலைவரிசையில் எத்தனை செய்தி வந்தது, பெட்டியின் சூடு எவ்வளவு எல்லாம் அங்கே இருக்கும். நிறைய பேர் கவனிக்காமல் விடும் ஒரு கட்டமும் உண்டு, மோட் எஸ் குறியீடு. ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட்டில் ஒரு தனிக் குறியீடு இருக்கிறது. அமெரிக்க விமானம் என்றால் 'ஏ' எழுத்தில் தொடங்கும், ஆறு இடங்கள். வால் எண்ணை (விமானத்தின் பதிவு எண்) வைத்து, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ-வின் பதிவேட்டில் தேடினால் கிடைக்கும். அதை இங்கே கொடுத்தால்தான் "இது நான்" என்று பெட்டிக்குப் புரியும்.

கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? நம் ட்ரான்ஸ்பாண்டரின் குரலே திரும்ப நம் காதில் விழுந்து, நம் தலைமேலேயே ஒரு விமானம் உட்கார்ந்திருப்பதாகத் திரை காட்டும். கிளப்பில் வேறு செஸ்னாவை எடுத்த ஒரு நாள், குறியீட்டை மாற்ற மறந்துபோனேன். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது ஹெட்செட்டில் "டிராஃபிக்" என்று எச்சரிக்கை, திரையில் அதே உயரம், தூரம் பூஜ்யம். இடமும் வலமும் கழுத்தைத் திருப்பித் திருப்பி, வேர்த்துப்போய், ஒரு நிமிடம் கழித்துத்தான் அது நானே என்று உறைத்தது.

சிரிப்பாக இருந்தாலும், ராத்திரி யோசித்தபோது இன்னொன்று புரிந்து வயிற்றைக் கலக்கியது. பெட்டியில் இருந்தது கிளப்பின் இன்னொரு செஸ்னாவின் குறியீடு. அந்த விமானத்தை அது "நான்" என்று நினைத்துக்கொண்டு, பிற விமானங்களின் பட்டியலிலிருந்து தள்ளி வைத்திருக்கும். அதாவது அன்றைக்கு வானத்திலேயே ஒரே ஒரு விமானம் எனக்குத் தெரியாமல் இருந்தது. அதுவோ என் ஓடுபாதையிலிருந்து கிளம்பி, என் சுற்றிலேயே பறக்க அதிக வாய்ப்புள்ள விமானம். பொய்யாக ஒன்று கூடுதலாகத் தெரிந்தால் நாம் பதறித் தேடுவோம். நிஜமான ஒன்று தெரியாமல் போனால் யாருக்கும் தெரிய வராது. வாடகை விமானத்தில் பறப்பவர்கள் செக்லிஸ்டில் இதை ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது தரைநிலையங்களின் கதை. இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தப் பெட்டியை வாங்கக் கூடாது என்றே சொல்வேன். ஏடிஎஸ்-பி இல்லாத, பழைய ட்ரான்ஸ்பாண்டர் மட்டும் உள்ள விமானங்களை ரேடார் பார்க்கிறது. அந்த ரேடார் தகவலைத் தரைநிலையம் மேலே ஒலிபரப்புகிறது. ஆனால் ஊருக்கெல்லாம் பொதுவாக அல்ல. ஏடிஎஸ்-பி ஒலிபரப்பும் ஒவ்வொரு விமானத்தையும் சுற்றி 15 கடல் மைல், மேலும் கீழும் 3,500 அடி. ஐஸ் ஹாக்கி வட்டு மாதிரி இருப்பதால் இங்கே அதை "பக்" என்பார்கள். அந்த வட்டுக்குள் இருப்பவர்களின் தகவல் மட்டும் அந்த விமானத்துக்காக அனுப்பப்படும். நம் விமானம் ஒலிபரப்பாவிட்டால் நமக்கென்று வட்டு கிடையாது. பக்கத்து விமானத்துக்கு வரும் செய்தியை ஒட்டுக் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அது அரைகுறைப் படம், ஆனால் முழுப் படம் மாதிரியே தோன்றும்.

கிளப்பின் ஒரு செஸ்னாவில் இது வேறு விதமாக மாட்டியது. ஒலிபரப்பு இருக்கிறது, ஆனாலும் தரைநிலையம் வழியாக வரவேண்டிய விமானங்கள் பெரும்பாலும் திரையில் தெரியவே தெரியாது. எஃப்ஏஏ தளத்தில் நம் பறத்தலுக்கான ஏடிஎஸ்-பி செயல்பாட்டு அறிக்கையை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். கேட்டுப் பார்த்தால், பொருத்தியவர்கள் "இந்த விமானத்தில் ரிசீவர் இல்லை" என்று அமைத்துவிட்டிருந்தார்கள். ரிசீவர் இல்லாதவனுக்குத் தரைநிலையம் எதற்கு மெனக்கெட வேண்டும்? கிளப்பின் மெக்கானிக் அமைப்பை மாற்றிய மறுநாளே அவையும் திரைக்கு வந்துவிட்டன.

ரேடார் வழியாக வரும் குறிகளை நான் கொஞ்சம் தள்ளுபடியோடுதான் பார்ப்பேன். விமான நிலைய ரேடார் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 5 நொடி. மணிக்கு 120 கடல் மைல் வேகத்தில் பறக்கும் விமானம் அதற்குள் 300 மீட்டர் போய்விடும். மாலை நேரத்தில் ஓடுபாதைச் சுற்றில் நான்கு பேர் இருக்கும்போது 300 மீட்டர் சின்னத் தூரமில்லை. அதனால் திரையை நம்பி நான் விமானத்தைத் திருப்புவதில்லை. எந்தப் பக்கம் கண்ணை ஓட்ட வேண்டும் என்று மட்டும் அதனிடம் கேட்டுக்கொள்வேன். "2 மணித் திசை, சற்றுக் கீழே" (கடிகார முகப்புக் கணக்கில் வலது முன்பக்கம்) என்று தெரிந்தபின் தேடினால், வெறுமனே வானத்தைத் துழாவுவதை விடச் சீக்கிரம் கண்ணில் படுகிறது. இந்த ஒரு விஷயத்தில் பெட்டி கொடுத்த காசுக்கு மேல் உழைத்திருக்கிறது. ஃபோர்ஃபிளைட்டில் தொலைவில் உள்ளவற்றை மறைக்கும் தேர்வையும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சான் பிரான்சிஸ்கோவுக்கு வரும் ஜெட் எல்லாம் திரையில் ஈ மொய்த்த மாதிரி இருக்கும்.

இடத்துக்கு இடம் திரையின் நம்பகம் மாறுவதும் பழகப் பழகத்தான் பிடிபட்டது. 2020 ஜனவரி முதல், சான் பிரான்சிஸ்கோ போன்ற பெரிய விமான நிலையத்தைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் ஏடிஎஸ்-பி கட்டாயம். ஹாஃப் மூன் பே அதற்குள் வருகிறது. வாட்சன்வில்லும் ஹாலிஸ்டரும் வெளியே. தொடக்கத்திலிருந்தே மின்அமைப்பு இல்லாமல் செய்யப்பட்ட பழைய பைப்பர் கப் மாதிரியான விமானங்களுக்கும், எஞ்சின் இல்லாமல் மிதக்கும் கிளைடர்களுக்கும் விதிவிலக்கும் உண்டு. போன வசந்தத்தில் ஹாலிஸ்டருக்கு வடக்கே திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நான் எஞ்சின் மானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அதோ, வெள்ளையா ஒண்ணு சுத்துது பாருங்க. நம்ம ஒசரந்தான்" என்றார் மனைவி.

கிளைடர். மேலெழும் காற்றில் அமைதியாக வட்டமிட்டுக்கொண்டிருந்தது, முக்கால் மைல்கூட இருக்காது. இடப்பக்கம் ஒதுங்கிப் போனோம். பெட்டியின் மேல் தவறில்லை, அங்கே கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து மலையைத் தாண்டித் தெற்கே போகும்போது ஐபேடை முழங்காலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். காதில் எச்சரிக்கை மட்டும் போதும்.

978-இல் இலவசமாக வரும் வானிலையும் தடை வான்வெளி அறிவிப்புகளும் நல்ல உபரி. காட்டுத்தீ பருவத்தில் தீயணைப்பு விமானங்களுக்காக மூடும் வான்வெளி திரையில் தெரிவது பெரிய உதவி. மழை ரேடார் படம் மட்டும் பழையது. திரையில் போட்டிருக்கும் நேரத்தைவிட உண்மையில் 15 முதல் 20 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி 2012-லேயே எச்சரித்திருக்கிறது. விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் செயற்கை அடிவானமும் பெட்டியில் உண்டு. சமதளத்தில் வைத்து அமைத்தால் ஒழுங்காகவே ஆடுகிறது. அதை நம்பி மேகத்துக்குள் போகிற எண்ணம் எனக்கு இல்லை.

செலவு? பவர் பேங்கோடு சேர்த்து எனக்கு 260 டாலர் ஆனது. கையில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கப் பிடிக்காதவர்கள் கடையில் ரெடியாகக் கிடைப்பதை வாங்கிவிடுவது மேல். விலை கூடுதல்தான், ஆனால் இரண்டு வார ஆன்டெனாத் தவம் மிச்சம். எதை வாங்கினாலும் குறியீடும் வட்டும் சன்னலும் மாறப்போவதில்லை.

மூன்று செஸ்னாக்களின் குறியீட்டையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்தேன். வெயிலில் மை வெளுத்து, 'பி'யும் '8'-உம் ஒன்றுபோல ஆகிவிட்டன. போன மாதம்தான் புதிதாக எழுதி, மேலே செலோடேப் ஒட்டினேன்.