அப்பாவின் குரல் இருக்கும் கணினி: வீட்டு இசையும் அந்தரங்கமும், ஆறாண்டு அனுபவம்

ஏற்காட்டில் நாகலூர் செல்லும் சாலையில் உள்ள எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அம்மா இருக்கிறார். மேல்தளத்தின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். சேலம் பழைய பேருந்து நிலையம் அருகே ஒரு கடையில் 2019இல் வாங்கிய பழைய டெஸ்க்டாப் கணினியை, பாட்டுக் கேட்பதற்கென்றே அம்மாவின் கூடத்தில் வைத்தேன். மழைக்காலத்தில் மின்சாரமும் கைப்பேசிச் சிக்னலும் சேர்ந்தே போய்விடும் ஊரில், இணையத்தை நம்பும் இசைச் சேவைகளைவிட ஹார்ட் டிஸ்கில் சேமித்த பாட்டும் ஒரு யுபிஎஸ்ஸும் கைகொடுக்கும் என்று நினைத்தேன். அது சரியாகவே இருந்தது. ஆனால் ஒலித்தரத்தைச் சீராக்க நான் செலவிட்ட நேரத்தைவிட, அந்தக் கணினி யாரிடம் எதைச் சொல்கிறது என்று கண்டறியச் செலவிட்ட நேரம் பல மடங்கு அதிகம்.

அதில் என்ன இருக்கிறது என்பதைச் சொன்னால்தான் என் கவலை புரியும். அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ இருநூறு கேசட்டுகளில் பாதி, கடையில் பதிந்து வாங்கிய திரைப்பாடல்கள். மீதி அவரே பதிந்தவை: மார்கழி பஜனை, கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா மேளம், உறவினர் வீட்டுத் திருமணங்கள். பல கேசட்டுகளில் பாட்டு முடிந்து மிச்சமிருந்த நாடாவில், யாருக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்திருக்கிறது, யார் கடனைத் திருப்பவில்லை என்று அவர் தன் குரலிலேயே கணக்குச் சொல்லி வைத்திருக்கிறார். 2018இல் மருத்துவமனையில் இருந்தபோது அவர் பேசியதையும் முணுமுணுத்த பாட்டையும் நான் கைப்பேசியில் பதிந்தேன். இவை அனைத்தையும், ஒலித்தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் கோப்புகளாக மாற்றி ஒரே தொகுப்பில் சேர்த்தேன். பிற்பாடு வந்த சிக்கல்கள் எல்லாம் அந்த ஒரே தொகுப்பில்தான் தொடங்கின.

முதல் ஆண்டில் பயன்படுத்திய பாடல் இயக்கி, கலைஞர் பெயரைப் பார்த்து அவருடைய படத்தையும் குறிப்பையும் தானாகவே கொண்டுவந்து காட்டும். திரைப்பாடல்களுக்கு அது அழகாகவே இருந்தது. ஒரு நாள், மருத்துவமனைப் பதிவை அம்மா கேட்டுக்கொண்டிருந்தபோது திரையில் முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டு இசைக்குழுவின் படம் தோன்றியது. கலைஞர் என்ற இடத்தில் நான் ஆங்கில எழுத்துகளில் 'அப்பா' என்றும், ஆல்பம் என்ற இடத்தில் மருத்துவமனை வார்டின் பெயரையும் மாதத்தையும் எழுதியிருந்தேன். படம் வந்திருக்கிறது என்றால், அந்தப் பெயரைத் தேடுசொல்லாக எங்கோ ஒரு சர்வருக்கு அனுப்பித்தான் வந்திருக்க வேண்டும். ஒலி வெளியே போகவில்லை. ஆனால் எங்கள் வீட்டு இணைய முகவரியிலிருந்து இன்னாருடைய மருத்துவமனைப் பதிவு இந்த நேரத்தில் கேட்கப்படுகிறது என்பதற்கான குறிப்பு போயிருக்கிறது. அப்போது எனக்கு ஏற்பட்ட கோபம் பெரும்பாலும் என் மீதுதான், ஏனெனில் நிறுவும்போது அந்தத் தேர்வு முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருந்ததை நான் படிக்காமல் கடந்திருந்தேன்.

இது புதிய கதை அன்று. 1999இல் ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ரியல்ஜூக்பாக்ஸ் என்ற மென்பொருள், பயனர் எந்தக் குறுந்தகட்டைப் போடுகிறார் என்பதை ஓர் அடையாள எண்ணுடன் சேர்த்து நிறுவனத்துக்கு அனுப்பியது வெளிப்பட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2005இல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில இசைத்தகடுகள், கணினியில் போட்டவுடன் மறைந்திருக்கும் ஒரு மென்பொருளை நிறுவின. அந்தத் தகடுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கேசட்டுகளை மாற்ற நான் பயன்படுத்திய ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளிலேயே, 2021 மே மாதம் பயன்பாட்டுத் தகவல் சேகரிப்பைச் சேர்க்க முன்மொழிவு வந்து, பயனர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களில் நானும் ஒருவனாக இல்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

அதன் பிறகு கணினியை முழுமையாக டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாற்றி, எம்பிடி என்னும் மியூசிக் பிளேயர் டீமனை நிறுவினேன். பின்னணியில் ஓடும் இது, தானாக எந்தப் படத்தையும் தேடிப் போவதில்லை. அம்மாவின் கைப்பேசியிலுள்ள ஒரு சிறு செயலி அதை இயக்குகிறது. தனித்தனிக் கோப்புகளைக் கேட்க விஎல்சி என்ற இயக்கி போதும். இணையத்திலிருந்து தகவல் பெறலாமா என்று முதல் முறை திறக்கும்போதே அது கேட்பதை உண்மையாகவே மதிக்கிறேன். திரைப்பாடல்களின் விவரங்களைச் சரிசெய்ய மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்டு என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். ஒலியின் கைரேகையை, அதாவது பாட்டை அடையாளம் காட்டும் குறியீட்டைக் கணக்கிட்டு இணையத்துக்கு அனுப்பும் வசதி அதில் இருப்பதால், அப்பாவின் பதிவுகள் உள்ள கோப்புறையை மட்டும் அதில் ஒருபோதும் சேர்ப்பதில்லை. உறவினர் ஒருவர் அன்பளித்த பேச்சுக்குக் கட்டுப்படும் ஸ்பீக்கரை மின்சாரத்தில் இணைக்கவே இல்லை. அத்தகைய கருவிகள் பதிந்த பேச்சின் சில பகுதிகளைப் பணியாளர்கள் கேட்கிறார்கள் என்று 2019இல் செய்திகள் வந்த பிறகு, அம்மா தினமும் உட்காரும் கூடத்தில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இணையத்தின் வாசலை அடைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்த நேரத்தில், மாடிப்படியின் வழியே அடுத்த சிக்கல் வந்தது. தொலைக்காட்சியிலும் பாட்டு வரட்டும் என்று மினிடிஎல்என்ஏ என்ற சர்வரை இயக்கியிருந்தேன். வீட்டுக் கருவிகள் பாட்டையும் படத்தையும் தமக்குள் பகிரும் இந்த டிஎல்என்ஏ முறையில் கடவுச்சொல் என்பதே கிடையாது. ஒரே வைஃபையில் உள்ள எல்லாக் கருவிகளிடமும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சர்வர் தானே அறிவிக்கும். விருந்தினர்களுக்கும் அதே வைஃபையைத்தான் கொடுத்திருந்தோம். கோடை விழா நாள்களில் தங்கிய ஒரு குடும்பத்தினர், காலையில் காபி குடிக்க வந்தபோது, "உங்க அப்பா நல்லாப் பாடுவாருங்களே" என்று அம்மாவிடம் பாராட்டாகவே சொன்னார்கள். அவர்களுடைய கைப்பேசியில் எங்கள் தொகுப்பு முழுவதும் பெயர்ப்பட்டியலாகத் தெரிந்திருக்கிறது. அவர்கள் கேட்டது பஜனைப் பாட்டு மட்டும்தான் என்று நம்புகிறேன். அதே கேசட்டின் மறுபக்கத்தில், இன்றும் செவ்வாய்ப்பேட்டையில் வாழ்கிறவர்களின் கடன் கணக்கு இருக்கிறது. அன்றே அந்தச் சர்வரை நிறுத்தி, ரூட்டரில் விருந்தினருக்குத் தனி நெட்வொர்க்கை ஏற்படுத்தி, பிற கருவிகள் எம்பிடியோடு இணையும் வாசலான 6600 என்ற போர்ட்டுக்கும் கடவுச்சொல் வைத்தேன். வாடகைக்கு அறை விடுகிற எவரும் வீட்டுக் கருவிகள் இருக்கும் வைஃபையை விருந்தினருக்குக் கொடுக்கக் கூடாது என்பது, இந்த ஆறாண்டில் நான் மிக உறுதியாகச் சொல்லக்கூடிய பரிந்துரை.

கடைசியாக வந்த சிக்கலில் வெளியார் யாரும் இல்லை. சென்ற ஆண்டு பாட்டு அடிக்கடி நின்றுபோகிறது என்று அம்மா சொன்னதால், சேலத்தில் இருந்தபடியே எம்பிடியின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். எந்தக் கோப்பு எந்த நாளில் எந்த நேரத்தில் ஒலித்தது என்று அது வரிவரியாக எழுதி வைக்கிறது. பழுதைத் தேடிய எனக்குக் கிடைத்தது, பல மாதங்களாக இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அப்பாவின் மருத்துவமனைப் பதிவு மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்த வரிகள். அம்மா நன்றாகத் தூங்குவதாகத்தான் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தகவலுக்குப் பொருந்தாது. சட்டம் வீட்டுக்குள் வராதது சரியே. ஆனால் வீட்டுக்குள் அம்மாவிடம் அனுமதி கேட்க வேண்டியவன் நானாக இருந்தேன், கேட்கவில்லை.

மறுவாரம் நேரில் போய்ச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இத்தனை நாளா நான் ராத்திரி கேக்கறதெல்லாம் இதுல எழுதிக்கிட்டே இருந்துச்சா கண்ணு?" என்று கேட்டார். பிழைகள் மட்டும் பதிவாகும்படி அமைப்பை மாற்றி, பழைய பதிவேட்டை அழித்துக் காட்டினேன். காப்பு நகல் எடுக்கும் வெளி ஹார்ட் டிஸ்கிலும் அது இருக்குமா என்று அவர் கேட்ட பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. இருந்தது. அதை சேலத்திலிருந்து எடுத்துவந்து, அம்மாவை அருகில் உட்கார வைத்துக்கொண்டு அழித்தேன்.